வெப்சைட்டுக்கு காசு நான் குடுத்தேன், சாவி யார்ட்ட இருக்கு?

திசையன்விளை பக்கத்துல இருந்து ஒரு கருப்பட்டி யாவாரி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. பேரு ஊரு போட வேண்டாம்னு கேட்டிருக்காரு, அதனால ஆளு யாருன்னு தெரியுற மாதிரி உள்ளத எல்லாம் மாத்திட்டு சாரத்த மட்டும் சொல்லுதேன்.

அவருக்கு வயசு 54. அப்பா காலத்து யாவாரம், கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்குக் கருப்பட்டின்னு பதினாலு வகை சரக்கு. 2019-ல சொந்தக்காரப் பையன் ஒருத்தன், அக்கா மருமகனுக்குத் தம்பி, 12,000 ரூபா வாங்கிட்டு ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்திருக்கான். கொரோனா சமயத்துல அந்த சைட்டப் பாத்துத்தான் சென்னை, பெங்களூரு, மும்பைன்னு வெளியூர்ல உள்ள நம்ம ஆளுக எல்லாம் ஆர்டர் போட ஆரம்பிச்சாங்களாம், யாவாரம் அதுலதான் நிமிந்துச்சாம். இப்போ மூணு வாரமா சைட் திறக்கல. பையன் துபாய்ல இருக்கான், பத்து தடவ அடிச்சா ஒரு தடவ எடுக்கான். எடுத்த ஒரு தடவையில "இத்தன வருஷமா என் கார்டுலதான் ரினியூ பண்ணிட்டு இருந்தேன் மாமா, 25,000 அனுப்புங்க, டொமைன மாத்தித் தாரேன்"ன்னு சொல்லியிருக்கான். அண்ணாச்சிக்கு சுர்ருன்னு ஏறிட்டு.

இதுக்கெடையில புது சைட்டுக்கு மூணு கொட்டேஷன் வாங்கி வச்சிருக்காரு, மூணையும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பியும் இருக்காரு. ஒண்ணு 7,000 ரூபா, லைஃப்டைம், எல்லாம் அடக்கம், ஆனா முழுக் காசும் முன்னாடியே வைக்கணும், ஜிஎஸ்டி பில் கிடையாது. ரெண்டாவது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில மூணு பேர் சேந்து நடத்துற சின்ன ஆபீஸ், 48,000. மூணாவது சென்னைக் கம்பெனி, 1,60,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல மாசாமாசம் 6,000 பராமரிப்பு. இது போக இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற மக "நானே போடுதேன்ப்பா, காசு எதுக்கு"ங்கா.

அவரு கேட்டத அப்படியே போடுதேன்: "வக்கீலம்மா, காசு நான் குடுத்தது, அப்போ சைட் எனக்குத்தான சொந்தம்? அவன் மேல போலீஸ்ல குடுக்கலாமா, இல்ல கன்சியூமர் கோர்ட்டுக்குப் போவலாமா? இந்த மூணுல யாருக்கு வேலையக் குடுக்க? பில் தராதவன் ஃபிராடுதான?"

அண்ணாச்சி, உங்க லெட்டர் முழுக்க அந்த மூணு கொட்டேஷன்லதான் நிக்குது, யாரு நல்லவன், எவ்வளவு நியாயம்னு. அத இப்பவே நான் சொல்லிட்டா 2019-ல நடந்ததுதான் திரும்ப நடக்கும், ஆளு மட்டும் மாறும். அதனால அத கடைசிக்கு வச்சுக்கிட்டு, உங்க கையில இப்போ என்ன இருக்கு, என்ன இல்லன்னு முதல்ல பாப்போம்.

சைட் யாரோடது

வெப்சைட்னு நீங்க ஒரே பொருளா நெனைக்கீங்க, அதுல நாலு சமாச்சாரம் இருக்கு. டொமைன்ங்கற பேரு. ஹோஸ்டிங்ங்கற, சைட்ட வச்சிருக்க எடம். டிசைனும், சைட்ட ஓட வைக்கிற கோடும் (புரோகிராம்). பொறவு அதுல உள்ள எழுத்து, போட்டோ. நாலும் ஒரே ஆளுக்குச் சொந்தமா இருக்கணும்னு இல்ல, உங்க விஷயத்துல இல்லவும் இல்ல.

டொமைன் பேர யாரும் கிரயத்துக்கு வாங்குறது கிடையாது, குத்தகைக்கு எடுக்கிற மாதிரிதான், ஒரு நேரத்துல மிஞ்சிப் போனா 10 வருஷத்துக்குக் கட்டி வைக்கலாம். ரெஜிஸ்ட்ரார்னு சொல்லுத கம்பெனியோட கணக்குல யார் பேரு, யார் ஈமெயில் இருக்கோ அவங்கதான் அந்தக் கம்பெனிக்கு குத்தகைக்காரர். காசு யாரு குடுத்தான்னு அவங்க கேக்க மாட்டாங்க. தோட்டத்துக்கு நீங்க பணம் குடுத்து பட்டா மச்சினன் பேர்ல கெடந்தா தாலுகா ஆபீஸ்ல யாரக் கூப்புடுவாங்க, அந்தக் கததான். பையன் அவன் ஈமெயில் போட்டு எடுத்திருக்கான். அன்னைக்கு அதுல கெட்ட எண்ணம் இருந்திருக்கும்னு எனக்குத் தோணல, உங்களுக்கு ஈமெயிலே கிடையாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

டிசைனும் கோடும் விஷயத்துல முக்காவாசிப் பேரு தப்பா நெனைக்காங்க, நான் பாத்த படிச்ச ஆளுகளும் சேத்துத்தான். 1957-ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் சட்டம், 17-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, சம்பளத்துக்கு வச்ச வேலையாள் செஞ்சு குடுத்தா அது முதலாளிக்கு, வெளி ஆளு கான்ட்ராக்ட்ல செஞ்சு குடுத்தா, வேற மாதிரி பேசியிருந்தா ஒழிய, அது செஞ்ச ஆளுக்கே. நீங்க காசு குடுத்ததால அந்த சைட்டப் பயன்படுத்துற உரிமை உங்களுக்கு உண்டு, உரிமையாளர் நீங்கன்னு ஆவாது. போட்டோவுக்கு மட்டும் சட்டம் வேற மாதிரி, காசு குடுத்து ஆளக் கூப்புட்டு எடுக்கச் சொன்ன போட்டோ, மாத்திப் பேசலேன்னா, எடுக்கச் சொன்னவருக்கு. அப்பாவப் பத்தி உங்க மக எழுதுன பக்கம் அவ எழுதுனது, அத அந்தப் பையன் வேற எவனுக்கும் தூக்கிக் குடுக்க முடியாது. அதாவது எழுத்தும் படமும் உங்ககிட்ட இருக்கு, கோடு போனாலும் பெரிய நட்டம் இல்ல, இப்போ உள்ள ஒரே பிரச்சன அந்தப் பேரு. ஆறு வருஷமா ஜனங்க மனப்பாடமா அடிச்சுப் பழகுன பேரு, பார்சல் டப்பாவுல அச்சடிச்ச பேரு.

அதனால இன்னைக்கே ஒரு காரியம் பண்ணுங்க. சைட் திறக்கலன்னா ஹோஸ்டிங் நின்னு போச்சா, டொமைனே காலாவதி ஆயிட்டான்னு பாக்கச் சொல்லுங்க, உங்க மக ரெண்டு நிமிஷத்துல ஹூஇஸ் தேடல்ல பாத்துருவா, எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில முடியுதுன்னு வந்துரும். உங்களுது டாட் காம். தேதி தாண்டியிருந்தாலும் உடனே கையவிட்டுப் போவாது. முதல்ல சாதாரணமா ரினியூ பண்ண கொஞ்ச நாள் கெடைக்கும், ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் மாறும், அதிகபட்சம் 45 நாள். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுல கூடுதல் கட்டணம் உண்டு. அதும் போச்சுன்னா 5 நாள் கழிச்சு யாரு வேணாலும் எடுக்கலாம், பழைய பேருக்குன்னே கண்கொத்திப் பாம்பா உக்காந்திருக்க கூட்டம் ஒண்ணு இருக்கு. முதல் ரெண்டு கட்டத்துலயும் ரினியூ பண்ணக்கூடியது அந்தக் கணக்கு வச்சிருக்க ஆளு, அதாவது துபாய்ல உள்ள பையன். அவன்கூட சண்ட போடுததுக்கு இது நேரமில்ல.

போலீசா, கோர்ட்டா

போலீஸ்ல குடுக்கலாமான்னு கேக்கீங்க. மோசடின்னு கேஸ் போடணும்னா ஆரம்பத்துலயே ஏமாத்தணும்ங்கற எண்ணம் இருந்திருக்கணும். இவன் சைட் போட்டுக் குடுத்தான், அது ஓடுச்சு, இத்தன வருஷம் அவன் கைக்காசப் போட்டு ரினியூ பண்ணியிருக்கான். ஸ்டேஷன்ல இது சிவில் விவகாரம்னு திருப்பி அனுப்புவாங்க, இல்லேன்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி முடிங்கன்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்ச ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து பேசணுமா என்ன? நாளைக்கு ஊர்க் கொடையில ஒரே பந்தியில உக்கார வேண்டிய ஆளுக.

கன்சியூமர் கோர்ட்டு. 2019 சட்டப்படி யாவாரத்துக்காக வாங்குன சேவைக்கு நீங்க நுகர்வோர் ஆவ மாட்டீங்க. ஒரு விலக்கு இருக்கு, தானே உழைச்சு அந்தப் பொழப்புக்காக மட்டும் வாங்கியிருந்தா வரலாம். நீங்க ஆறு பேர சம்பளத்துக்கு வச்சு மொத்த யாவாரமும் பண்ணுதீங்க, எதிர்த் தரப்பு வக்கீல் முதல் வாய்தாவுலயே இதப் புடிச்சுக்கிடுவாரு. ரெண்டு வருஷக் கெடு வேற இருக்கு.

பேருக்காக சண்ட போடணும்னா வழி இல்லாம இல்ல. டொமைன் பேரும் ஒரு யாவாரப் பேருதான், டிரேட்மார்க் மாதிரி அதுக்கும் பாதுகாப்பு உண்டுன்னு சத்யம் இன்ஃபோவே வழக்குல 2004-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. உங்க கடைப் பேரு அப்பா காலத்துல இருந்து புழக்கத்துல இருக்கு, பழைய பில் புக்கு இருக்கு, மாவட்ட கோர்ட்டுல போடலாம். டாட் காம்ங்கறதால சர்வதேச தாவா முறையும் உண்டு, ஆனா அதுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்புல ஒரே ஒரு நடுவர் போட்டாலே 1,500 டாலர் கட்டணம், அது போவ கெட்ட எண்ணத்தோட பதிவு பண்ணுனான்னு நீங்க நிரூபிக்கணும், இங்க அது நிக்காது. பையன் கேக்கது 25,000. கணக்குப் பாக்க யாவாரிக்கு நான் சொல்லியா தரணும்.

எனக்குப் படுறது இதுதான். டாட் காம் ரினியூ வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வரும், ஹோஸ்டிங் அதுக்கு மேல கொஞ்சம். அவன் கட்டுன பில்ல எல்லாம் அனுப்பச் சொல்லுங்க, அது நியாயமா அவனுக்குச் சேர வேண்டிய காசு, கோவத்துல இத நீங்க மறந்துட்டீங்க. அதுக்கு மேல அவன் உழைப்புக்கு ஒரு தொகை நீங்களா வச்சுக் குடுங்க, பில்லப் பாத்தாத்தான் 25,000 நியாயமா இல்லையான்னு தெரியும். காசக் குடுக்கதுக்கு முந்தி அதே ரெஜிஸ்ட்ரார்ல உங்க பேர்ல ஒரு கணக்கு திறந்துக்கிடுங்க, அவன் கணக்குல இருந்து உங்க கணக்குக்குத் தள்ளச் சொன்னாப் போதும், சீக்கிரம் முடியும். வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தப் போனா இழுக்கும், பேரு மாத்துன ஒடனே 60 நாள் பூட்டு வேற விழலாம். அவன்கூட நடந்த வாட்ஸ்அப் பேச்ச அழிச்சிராதீங்க, பழைய போனையும் மாத்திராதீங்க. கோர்ட்டுக்குப் போற நெலம வந்தா 2023-ல வந்த புது சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி சர்டிஃபிகேட்டோட அதத் தாக்கல் பண்ணலாம், வெறும் ஸ்கிரீன்ஷாட்டு மட்டும் நிக்காது.

மூணு கொட்டேஷனும் உங்க மகளும்

முதல்ல அந்த 7,000 தம்பி. பில் தரலேன்னா ஃபிராடுன்னு முடிவு கட்டாதீங்க. சேவைத் தொழில்ல வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழ வரவு உள்ளவங்க ஜிஎஸ்டி பதிவு பண்ண வேண்டியதில்ல, தனியா வேலை பாக்க பையங்க பாதிப் பேரு அதுக்குள்ளதான் வருவாங்க. பதிவு இல்லாதவன் ஜிஎஸ்டி பில் குடுத்தாத்தான் தப்பு. சாதாரண ரசீது கேளுங்க, அதக் குடுக்க மாட்டேன்னா அப்போ யோசிங்க. எனக்கு உறுத்துறது அந்த லைஃப்டைம். வருஷா வருஷம் காசு கட்ட வேண்டிய டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஒருத்தன் 7,000-ல எப்படி ஆயுசுக்கும் கட்டுவான்? ரெண்டு வருஷம் கட்டுவான், மூணாவது வருஷம் நம்பர் மாறிரும். முழுக் காசும் முன்னாடியேங்கறதும் ஆவாது.

சென்னைக் கொட்டேஷன நல்லா ஊன்றிப் படிச்சேன், படம் எல்லாம் அழகா இருக்கு, பன்னெண்டு பக்கம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா 1,88,800 வருது, பராமரிப்பு முதல் வருஷத்துக்கு மட்டும் 72,000. இதுல பதினோராவது பக்கத்துல பொடி எழுத்துல மூணு விஷயம் கெடக்கு, நீங்க அங்க வரைக்கும் போயிருக்க மாட்டீங்க. சைட் அவங்களோட சொந்த சாஃப்ட்வேர்ல ஓடும், ஒப்பந்தம் முடிஞ்சா டிசைன் உங்களுக்கு வராது, எழுத்தும் படமும் மட்டும் தருவாங்க. வருஷத்துக்கு நடுவுல விட்டுப் போனா மிச்ச மாசத்துக்கும் பராமரிப்புக் காசு கட்டணும். தாவா வந்தா சென்னை கோர்ட்டுல மட்டும்தான். இந்தக் கடைசி வரியில கையெழுத்துப் போட்டா பெரும்பாலும் அது செல்லுபடியாவும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலையில எழும்பூர்ல இறங்கணும். கூகிள்ல முதல் எடத்துக்குக் கொண்டு வாரோம், கேரண்டின்னும் போட்டிருக்காங்க. அப்படி எவனாலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகிளே எழுதி வச்சிருக்கு. ஆயிரக்கணக்குல ஆர்டர் வாற பெரிய யாவாரத்துக்கு இவங்க சரியா இருக்கலாம், பதினாலு சரக்குக்கு இது தேர் வடத்தப் போட்டு ஆட்டக் கட்டுன மாதிரி.

வண்ணாரப்பேட்டை ஆபீசுக்கு ரெண்டு நல்லது. வேர்ட்பிரஸ்ல போடுதோம்னு எழுதியிருக்காங்க. அது யாரு வேணாலும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சாஃப்ட்வேர், நாளைக்கு இவங்கள புடிக்கலேன்னா வேற ஆளு வந்து விட்ட எடத்துல இருந்து தொடரலாம். இன்னொண்ணு, பஸ் ஏறி நேர்ல போயி கேக்கலாம், எனக்கு இது பெரிய விஷயமாப் படுது. ஆனா அவங்க கொட்டேஷன் ஒரே பக்கம், அதுல டொமைன் யார் பேர்லன்னு ஒரு எழுத்து இல்ல. அவங்க போட்ட சைட்டு மூணு நாலு லிங்க் குடுத்திருக்காங்க, நீங்க அதப் பாத்துட்டு கலர் நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்க. கலர விடுங்க அண்ணாச்சி. ரெண்டு வருஷத்துக்கு முந்திப் போட்ட சைட்டா மூணு கேட்டு வாங்கி அந்தக் கடைக்காரங்களுக்கு போன் போடுங்க. சைட் நின்னா எத்தன மணி நேரத்துல சரி பண்ணுதாங்க, விலை மாத்தணும்னா நீங்களே மாத்துதீங்களா இல்ல அவங்க கையத்தான் பாக்கணுமா, பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கான்னு கேளுங்க. கருப்பட்டி வாங்குற ஆளு உங்ககிட்டயே ஒண்ண உடைச்சுப் பாத்துட்டுத்தான வாங்குவாரு.

போன்ல திறந்து பாருங்க, கம்ப்யூட்டர்ல இல்ல. ஆபீஸ் வைஃபைய விட்டுட்டு தேரிக்காட்டு ஓரமா நின்னுக்கிட்டு ரெண்டு புள்ளி சிக்னல்ல திறக்குதான்னு பாக்கணும். தமிழ் எழுத்து மேல விரல வச்சு அழுத்துனா செலக்ட் ஆவுதா பாருங்க. ஆவலேன்னா தமிழப் படமாப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், இன்னமும் சில பேரு பழைய ஃபாண்ட்டுல டைப் அடிச்சு போட்டோவா மாத்தி ஒட்டுதாங்க. யூனிகோட் தமிழா, அதாவது எல்லா போன்லயும் எழுத்தாவே தெரியுற தமிழா இல்லேன்னா "சுக்குக் கருப்பட்டி"ன்னு ஒருத்தரு தேடும்போது கூகிள் உங்க பக்கத்த ஒழுங்கா எடுத்துக் குடுக்காது.

இனி உங்க மக. அவளத் தட்டிக் கழிக்காதீங்க, நீங்க லெட்டர்ல ஒரு வரியில முடிச்சிட்டீங்க. உங்க ஆர்டர்ல முக்காவாசி வாட்ஸ்அப்ல வருதுன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்போ உங்களுக்கு கடை வைக்கிற சைட் வேணுமா, இல்ல சரக்கையும் விலையையும் காட்டி வாட்ஸ்அப்புக்குக் கொண்டு போற நாலு பக்க சைட் போதுமா? ரெண்டாவதுன்னா அவ ஒரு மாசத்துல போட்டுருவா. ஆனா வேலை கெடைச்சு ஹைதராபாத்து போயிட்டான்னா ராத்திரி பத்து மணிக்கு சைட் நின்னா யாரு பாப்பா? துபாய்க்குப் போன பையனும் அன்னைக்கு வீட்டுப் பையன்தான். மக போட்டாலும் சரி, கணக்கு எல்லாம் உங்க பேர்லதான் இருக்கணும்.

எழுதி வாங்க வேண்டியது

ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதுனாத்தான் செல்லுமான்னு ஓரமா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. ஈமெயில்ல பேசி ஒத்துக்கிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 10ஏ பிரிவு இருக்கு. ஆனா காப்புரிமைய மாத்தி எழுதுறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், அது 19-ஆம் பிரிவு. அந்தப் பிரிவுல ஒரு பொறி உண்டு, எத்தன வருஷத்துக்குன்னு எழுதலேன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்கிடுவாங்க, எந்த எடத்துக்குன்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதனால "கடைசித் தவணை கெடைச்ச ஒடனே டிசைன், கோடு, லோகோ எல்லாத்தோட காப்புரிமையும் நிரந்தரமா, உலகம் முழுக்க"ன்னு ஒரு வரி வேணும். வேர்ட்பிரஸ் மாதிரி பொதுச் சாஃப்ட்வேர் இதுல சேராது, அத அவங்களாலயே எழுதிக் குடுக்க முடியாது, அதக் கேட்டு வம்பு பண்ணாதீங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டா பின்னால கோர்ட்டுல தாக்கல் பண்ணும்போது முத்திரைத் தீர்வ குறைவுன்னு தலைவலி வராது, அவ்வளவுதான்.

சாவி விஷயம்தான் முக்கியம். வேலை ஆரம்பிக்கதுக்கு முந்தியே கடைப் பேர்ல ஒரு புது ஈமெயில் திறந்து, அதுக்கு உங்க போன் நம்பரக் குடுங்க. டொமைன், ஹோஸ்டிங், சைட்டோட அட்மின் கணக்கு, கூகிள் மேப்ல உள்ள கடைப் பக்கம் நாலும் அந்த ஈமெயில்ல திறக்கணும், காசும் உங்க கார்டுல போவணும், டிசைனருக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி குடுத்தாப் போதும். ஆன்லைன்ல பணம் வாங்குற கேட்வே வைக்கதா இருந்தா அது உங்க கடையோட கரன்ட் அக்கவுண்டுக்கு நேரா வரணும், "முதல்ல எங்க அக்கவுண்டுல வாங்கி அனுப்பிருதோம்"னு எவனாவது சொன்னா அங்கனயே எந்திரிச்சு வந்துருங்க.

காசத் தவணையா பிரிங்க, 30 சதவீதம் முன்பணம், டிசைன் ஒத்துக்கிட்ட பொறவு 40, எல்லாச் சாவியும் கைக்கு வந்து சைட் ஓடுன பொறவு மிச்சம். தேதி தாண்டுனா என்னன்னு எழுதுங்க, பதநீர் சீசனுக்கு முன்ன முடியலேன்னா உங்களுக்கு ஒரு வருஷம் போன மாதிரி. வாரா வாரம் பேக்கப், அதுல ஒரு பிரதி உங்ககிட்ட. விட்டுப் போவணும்னா எத்தன நாள்ல ஒப்படைப்பாங்க. தாவா திருநெல்வேலி கோர்ட்டு. இது ரெண்டு பக்கத்துக்கு மேல வராது.

இந்த ரெண்டு பக்கத்தையும் கொண்டு போயி வண்ணாரப்பேட்டைக்காரங்ககிட்ட குடுங்க. மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டா வேலையக் குடுங்க, 48,000 எனக்கு நியாயமாத்தான் படுது, கேட்டா கொஞ்சம் கொறைப்பாங்க. டொமைன் மட்டும் எங்ககிட்டயே இருக்கட்டும்ணே, உங்களுக்கு எதுக்கு சிரமம்னு இழுத்தா, அந்த 7,000 தம்பியக் கூப்புட்டு இதே பேப்பரக் காட்டுங்க, லைஃப்டைம எடுத்துட்டு நாலு பக்க சைட்டுக்கு மட்டும் ரேட் கேளுங்க. ஒத்துக்கிட்டான்னா சின்னதா ஆரம்பிக்க அவனும் போதும்.

சைட்டுல எழுதுனது உங்க தலையில

எங்க வக்கீல்மாரு விளம்பரம் பண்ணக் கூடாது, பார் கவுன்சில் விதி 36. வெப்சைட்டே 2008-லதான் அனுமதிச்சாங்க, அதுலயும் பேரு, முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த மாதிரி வழக்குன்னு அது மட்டும் போடலாம். நான் மொத தடவ சைட் போடக் குடுத்தப்போ டிசைனர் தம்பி ஆசையா "திருநெல்வேலியின் நம்பர் ஒன் வக்கீல், வெற்றி நிச்சயம்"னு மேல ஓட விட்டுட்டான், பக்கத்துல தராசு வேற ஆடுது. நல்லவேளை என் ஜூனியர் பாத்தா. அவனுக்கு அது ஒரு வரி, எனக்கு சன்னதே, அதாவது வக்கீல் தொழில் பாக்க லைசென்ஸே, போயிருக்கும்.

உங்க பழைய சைட்டோட ஸ்கிரீன்ஷாட்டு அனுப்பியிருக்கீங்கல்ல, அதுல "சர்க்கரை நோயாளிகள் பயமின்றி சாப்பிடலாம்"னு கொட்டை எழுத்துல கெடக்கு. பையன் எங்க இருந்தோ எடுத்து ஒட்டியிருக்கான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவுல, ஆள ஏமாத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு, அது முதல்ல கடைக்காரரத்தான் தேடி வரும். சட்டத்த விடுங்க, அத நம்பி ஒரு பெரியவரு ரெண்டு வட்டு கருப்பட்டியக் கரைச்சுக் குடிச்சா யாரு பொறுப்பு? புது சைட்டுல அந்த வரி வரவே கூடாது. கூகிள்ல இருந்து எடுத்த பனமரப் போட்டோவும் அப்படித்தான், போட்டோக்காரர் நோட்டீஸ் அனுப்புனா உங்க கடைக்குத்தான் வரும், அதனால உங்க விளையில நீங்களே எடுத்ததப் போடுங்க, அதுதான் பாக்கவும் நல்லாருக்கும்.

ஆர்டர் எடுக்கிற சைட்னா ஒவ்வொரு சரக்குக்கும் எடை, எம்ஆர்பி, தயாரிச்சவர் பேரு முகவரி இதெல்லாம் அந்தப் பக்கத்துலயே தெரியணும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு லைசென்ஸ் நம்பரும் வேணும், புகார் சொன்னா யாரக் கூப்புடணும்னு ஒரு ஆளு பேரும் போடணும். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, வரி உள்ள சரக்க வெளி மாநிலத்துக்கு வித்தா 40 லட்சம் வரைக்கும் வேண்டாம்ங்கற கணக்கெல்லாம் ஓடாது, மொத பார்சல்ல இருந்தே பதிவு வேணும். பெங்களூருக்கும் மும்பைக்கும் இத்தன வருஷமா அனுப்பியிருக்கீங்க, லெட்டர்ல இதப் பத்தி ஒண்ணுமே இல்ல, உங்க ஆடிட்டர்கிட்ட இந்த வாரமே உக்காந்து பேசிருங்க. டிசைனரு இதெல்லாம் சொல்ல மாட்டான், அவன் வேலையும் இல்ல.

கடைப் பேருக்கு டிரேட்மார்க் இன்னும் போடலேன்னா அதையும் சேத்துப் போட்டுருங்க, தனி ஆளா ஆன்லைன்ல போட்டா ஒரு வகைக்கு 4,500 கட்டணம், கருப்பட்டி 30-ஆம் வகையில வரும். உடன்குடின்னு ஊர்ப் பேரச் சேத்து டொமைன் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடைச்சாச்சு. அந்தப் பேர தனி ஆளு டிரேட்மார்க்கா எடுக்க முடியாது, அந்த வட்டாரத்துல காய்ச்சுனதா இல்லாம அந்தப் பேரப் போட்டு வித்தா வழக்கு வரும். உங்க விளை திசையன்விளை பக்கம். அப்பா பேர்ல உள்ள கடைப் பேரே போதும், ஜனங்க அதத்தான தேடி வாராங்க.

பையன் ஆடிக் கொடைக்கு லீவுல வருவான், அப்போ நேர்ல வச்சுக் கேக்கேன்னு எழுதியிருக்கீங்க. டொமைன் காலாவதி ஆயிருந்தா அது வரைக்கும் நிக்காது. அவன் உங்க போன எடுக்க மாட்டான், அவங்க அம்மா போன எடுப்பான். சாயங்காலம் அந்த மதினி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க, அரை கிலோ சில்லுக்கருப்பட்டியும் கொண்டு போங்க, போவதுக்கு முன்ன அந்த ரெஜிஸ்ட்ரார்ல உங்க பேர்ல கணக்கத் திறந்து ஓடிபி உங்க போனுக்கு வருதான்னு பாத்துக்கிடுங்க.